17 மணி நேரம் என்று பார்த்தேன், போய்ச்சேர 62 மணி நேரம் ஆனது

போன வாரம் குழித்துறையிலிருந்து ஒரு அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். மகன் கனடாவில் இருக்கிறான், அடுத்த மாதம் அவனைப் பார்க்கத் தனியாகப் போகிறார். செல்போனை என் கையில் கொடுத்து, "பாருங்க டீச்சர், திருவனந்தபுரத்திலிருந்து டொராண்டோவுக்கு 17 மணி நேரம்தானாம். ஒரு ராத்திரி, ஒரு பகல், அவ்வளவுதானே?" என்றார். அந்தத் திரையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே எண்ணை அதே மாதிரி ஒரு திரையில் பார்த்து நம்பித்தான் சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரியில் நானும் கிளம்பினேன். அப்போது யாராவது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் எனக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் மிஞ்சியிருக்கும். பணத்தைவிடப் பெரியது ஒன்றும் மிஞ்சியிருக்கும். அக்காவிடம் சொன்னதை எல்லாருக்குமாக எழுதி வைக்கிறேன்.

நான் மார்த்தாண்டத்தில் 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் இப்போது இல்லை. ஒரே மகள், கல்யாணமாகி டொராண்டோவில் இருக்கிறாள். அவளுக்கு முதல் பிரசவம், ஜனவரி 25-ஐ ஒட்டித் தேதி கொடுத்திருந்தார்கள். பத்து நாள் முன்னதாகப் போய்விட்டால் நிதானமாக எல்லாம் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு ஊருக்கும் இடையே 13,750 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகிறது. தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம், 17 மணி சொச்சம். பிள்ளைகளுக்குப் பலகையில் எத்தனை முறை எழுதிப்போட்டிருப்பேன். அந்தக் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த 13,750 என்பது உருண்டையான பூமியின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம். அந்த நூலின் மேல் பறக்கிற விமானம் எதுவும் திருவனந்தபுரத்திலிருந்து கிடையாது. எங்கேயாவது இறங்கி மாறித்தான் ஆக வேண்டும். டெல்லி வழியாகப் போனால் 2,230-ம் 11,640-ம் சேர்ந்து 13,870. துபாய் வழியாகப் போனால் 2,950-ம் 11,080-ம் சேர்ந்து 14,030. கிலோமீட்டரில் பார்த்தால் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் எல்லாம் அந்த மாறுகிற இடத்தில்தான் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

டிக்கெட் போடப்போன இடத்தில் இரண்டு வழி சொன்னார்கள். திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வழியாக ஒரே டிக்கெட்டில் டொராண்டோ போய்வர 1,31,000 ரூபாய். இல்லாவிட்டால் டெல்லி வரை உள்நாட்டு விமானம் 7,900, டெல்லியிலிருந்து வேறொரு விமான நிறுவனத்தில் போய்வர 1,08,000. 15,100 ரூபாய் மிச்சம். டெல்லியில் ஆறு மணி நேரம் இடைவெளி இருக்கிறது, தாராளமாகப் போதும் என்றார்கள். எனக்கும் போதும் என்றுதான் பட்டது. பென்ஷன் பணத்தில் 15,000 சின்னத் தொகை இல்லை, பேரப்பிள்ளைக்கு ஒரு தங்கக்காசு வாங்கலாம் என்று மனதுக்குள் ஓடியது. இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள், இரண்டு தனித்தனி பி.என்.ஆர். எண்கள், அதாவது முன்பதிவு எண்கள். அதன் பொருள் என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை பகல் 12 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினேன். மார்த்தாண்டத்திலிருந்து விமான நிலையம் 40 கிலோமீட்டர்தான். ஆனால் களியக்காவிளை தாண்டி, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று போகும் சாலையை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பாலராமபுரம் முக்கில் மட்டும் 20 நிமிடம் நின்றோம். அடுத்து ஒன்று. எங்கள் பக்கத்து டிரைவர்கள் வளைகுடாவுக்குப் போகிறவர்களையே ஏற்றி இறக்கிப் பழகியவர்கள். விமான நிலையம் என்றதும் வண்டி தானாகச் சாக்கைக்குப் போய்விட்டது. அங்கே இருப்பது வெளிநாட்டு முனையம். என் டெல்லி விமானம் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம், சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய முனையத்தில். சுற்றிக்கொண்டு போய்ச் சேர மேலும் 20 நிமிடம். டிக்கெட்டில் எந்த முனையம் என்று போட்டிருக்கும், அதை டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள்.

கவுண்டரில் பெட்டிகளை எடைபோட்டார்கள். ஒன்று 23 கிலோ, இன்னொன்று 17. கனடா டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி அனுமதி, அதை நம்பித்தான் கட்டினேன். பிள்ளை பெற்றவளுக்கான மருந்துப்பொடி, சுக்கு, உளுந்து மாவு, ஏத்தங்காய் வற்றல், பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். ஆனால் உள்நாட்டு டிக்கெட்டில் 15 கிலோதான். மிச்சம் 25 கிலோவுக்கு, கிலோவுக்கு 600 ரூபாய் வீதம் 15,000 கட்டச் சொன்னார்கள். கனடா டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். "அது வேற டிக்கெட் அம்மா, எங்க கணக்குல வராது" என்று மரியாதையாகவே சொன்னார்கள். அட்டையைத் தேய்த்துக் கட்டினேன். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் அந்த இரண்டு பெட்டியும் டொராண்டோவுக்கென்று சீட்டு ஒட்டப்பட்டு, கூடுதல் காசில்லாமல் ஏறியிருக்கும்.

மாலை 4.30-க்குக் கிளம்ப வேண்டிய விமானம். 4 மணிக்குப் பார்த்தால் பலகையில் 6 மணி என்று மாறியிருந்தது. அப்புறம் 7.15. கடைசியில் 8.15. திருவனந்தபுரத்தில் வெயில் பளிச்சென்று அடிக்கிறது, ஏன் தாமதம் என்று யாருக்கும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு ராணுவக்காரத் தம்பி விளக்கினான். அந்த விமானம் காலையில் டெல்லியிலிருந்து வேறொரு ஊருக்குப் போய், அங்கிருந்து இங்கே வர வேண்டியது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் டெல்லியில் விடியற்காலை மூடுபனி கட்டும். முதல் பயணம் மூன்று மணி நேரம் தாமதமானால், அந்த விமானம் அன்றைக்குப் பறக்கிற எல்லாப் பயணமும் அதே போல் தள்ளிப் போகும். நம் ஊர் வானத்தைப் பார்த்துப் பயனில்லை, நாம் ஏறப்போகிற விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். விமானங்களை வரைபடத்தில் காட்டும் செயலிகள் இருக்கின்றன, விமான எண்ணைக் கொடுத்தால் போதும். குளிர்காலத்தில் டெல்லி வழியாகப் போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

அந்த நான்கு மணி நேரத்தில் சமோசாவும் ஜூஸும் கொடுத்தார்கள். நான் கவுண்டருக்கு மூன்று முறை போனேன். டெல்லியில் விடியற்காலை 1.50-க்கு எனக்கு அடுத்த விமானம், பிடித்துவிட முடியுமா என்று கேட்டேன். முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. அப்போதே நான் இரண்டாவது விமான நிறுவனத்தைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் குருசடி புனிதரிடம் வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இது எவ்வளவு பெரிய இழப்பு என்று பின்னால் சொல்கிறேன்.

இரவு 11.35-க்கு டெல்லியில் இறங்கியது. பெட்டி வர 12.15. இறங்கியது 1-ஆம் முனையம், வெளிநாட்டு விமானம் 3-ஆம் முனையம். இரண்டும் ஒரே கட்டடத்தில் இல்லை. வெளியே வந்து, வண்டி பிடித்து, சாலை வழியாகப் போக வேண்டும். வெளியே வந்த நிமிடம் குளிர் எலும்பில் இறங்கியது. காலில் சாதாரண செருப்பு, ஸ்வெட்டர் பெட்டிக்குள். எனக்கு இந்தி தெரியாது. டாக்ஸிக்காரரிடம் டிக்கெட் எல்லாம் காட்டி "டெர்மினல் த்ரீ" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வாசலில் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் நிதானமாகப் பார்த்தார். உள்ளே ஓடினேன், 58 வயதில் இரண்டு பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு. கவுண்டரைக் கண்டுபிடித்தபோது மணி 1.02. பெட்டி போகும் பெல்ட் நின்றிருந்தது. ஒரு பையன் வரிசைக்குக் கட்டியிருந்த நாடாவை ஒவ்வொன்றாக இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தான். மேலே இருந்த பலகையில் 'டொராண்டோ' என்ற எழுத்து என் கண் முன்னால் அணைந்தது. விமானம் இன்னும் அங்கேதான் நிற்கிறது, கிளம்ப 48 நிமிடம் இருக்கிறது, ஆனால் ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் விமானம் நகரும் நேரம். நமக்கான நேரம் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடுகிறது. சில நிறுவனங்கள் இன்னும் முன்னதாகவே மூடும்.

தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கம் எல்லாம் தோன்றவில்லை. துபாய்க்குப் போகக் காத்திருந்த ஒரு மலையாளி நர்ஸ் பெண் வந்து தோளைத் தொட்டு, "அம்மே, விஷமிக்கண்டா" (அம்மா, வருத்தப்படாதீங்க) என்றாள். எல்லையில் பிறந்ததால் மலையாளம் எனக்குத் தாய்மொழி மாதிரிதான். அந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஊரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தது போல் இருந்தது. அவள்தான் ஸ்வெட்டரை எடுத்துப் போட வைத்தாள், டீ வாங்கிக் கொடுத்தாள், அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே தெரிந்தது இரண்டாவது அடி. நான் வராததால் 'வராத பயணி' என்று பதிவாகிவிட்டது. அதனால் போகிற டிக்கெட் மட்டுமல்ல, ஏப்ரலில் திரும்பி வரும் டிக்கெட்டும் தானாக ரத்தாகிவிட்டது. விமானம் கிளம்புவதற்கு முன்பே போனில் சொல்லியிருந்தால், கட்டணம் வாங்கிக்கொண்டாவது தேதியை மாற்றியிருப்பார்கள் அல்லது திரும்பும் டிக்கெட்டையாவது காப்பாற்றியிருக்கலாம். திருவனந்தபுரத்தில் நான்கு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேனே, அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை. தாமதம் என்று தெரிந்த நிமிடமே அடுத்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அதற்கான எண்ணைத் தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள், போனில் சார்ஜ் தீரலாம்.

நான் படித்துக்கொண்ட முக்கியமான விஷயம் இதுதான். இரண்டு விமானங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு? ஒரே பி.என்.ஆர். என்றால் விமான நிறுவனம் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது அவர்கள் கடமை. இரண்டு பி.என்.ஆர். என்றால் பொறுப்பு நம்முடையது. முதல் நிறுவனம் 'டெல்லியில் இறக்கிவிட்டோம், வேலை முடிந்தது' என்று சொல்லும். இரண்டாவது நிறுவனம் 'நீங்கள் வரவில்லை' என்று சொல்லும். இரண்டு பேருமே அவர்கள் விதிப்படி சரிதான், நடுவில் நின்றது நான். டிக்கெட் கையில் வந்ததும் எத்தனை பி.என்.ஆர். இருக்கிறது என்று பாருங்கள். பெட்டி கடைசி ஊர் வரை போகுமா என்று கேளுங்கள். தனித்தனி டிக்கெட்டில் வெளிநாட்டில் மாறுவதாக இருந்தால் இது இன்னும் சிக்கல். பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா வேண்டியிருக்கும்.

மகளைக் கூப்பிடத் தைரியம் வரவில்லை, மருமகனைக் கூப்பிட்டேன். "மாமி, நீங்க பயப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அவரே தேடினார். அன்றைக்கு எல்லாம் நிரம்பியிருந்தது. சனிக்கிழமை விடியற்காலை 3 மணிக்கு பிராங்க்பர்ட் வழியாக ஒரு இடம் கிடைத்தது, ஒரு வழிக்கு மட்டும் 86,500 ரூபாய். கனடா விசா கையில் இருந்ததால் பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்குள்ளேயே மாற எனக்குத் தனி ட்ரான்சிட் விசா தேவைப்படவில்லை. இந்த விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, அடிக்கடி மாறும், அதனால் டிக்கெட் எடுக்கும் முன்பே அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க டெல்லி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மகிபால்பூரில் ஒரு அறையில் கிடந்தேன். தூக்கம் வரவில்லை. பெட்டியிலிருந்து ஏத்தங்காய் வற்றலை எடுத்துத் தின்றுதான் பசியாறினேன்.

பிராங்க்பர்ட்டில் காலை 7.15-க்கு இறங்கினேன். அடுத்த விமானம் மதியம் 1 மணிக்கு. விமான நிலையத்தின் இலவச வைஃபை கிடைக்க ஒரு பையன் உதவினான். கிடைத்ததும் வாட்ஸ்அப் தொடர்ந்து மணியடித்தது. மகளுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலமே வலி கண்டிருக்கிறது. நான் பயணத்தில் பதறக்கூடாதென்று யாரும் சொல்லவில்லை. பத்து மணி சுமாருக்கு ஒரு படம் வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு சின்ன முகம், மூடிய கண், நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடி. பேத்தி. வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் போய்ச் சேர்ந்திருக்க வேண்டியவள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டிய நேரத்தில் தெரியாத ஊரில் ஒரு இரும்பு நாற்காலியில் இருந்தேன். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இரவை யாரும் எனக்குத் திருப்பித் தர முடியாது.

டொராண்டோவில் இறங்கும்போது அங்கே சனிக்கிழமை மாலை 4 மணி, நம் ஊரில் ஞாயிறு விடியற்காலை 2.30. வியாழன் பகல் 12-லிருந்து எண்ணினால் 62 மணி 30 நிமிடம். திட்டப்படி எல்லாம் நடந்திருந்தாலும் 17 அல்ல, 28 மணி 30 நிமிடம் ஆகியிருக்கும். சாலை, காத்திருப்பு, மாறும் இடைவெளி எல்லாம் சேர்த்தால்தான் பயண நேரம். இன்னொன்று, டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். என் பழைய டிக்கெட்டில் டெல்லியில் 1.50-க்குக் கிளம்பி அதே தேதியில் காலை 6 மணிக்கு இறங்குவதாக இருந்தது. நாலு மணி நேரப் பயணம் போலத் தெரியும், உண்மையில் 14 மணி 40 நிமிடம். குளிர்காலத்தில் டொராண்டோ நமக்கு 10 மணி 30 நிமிடம் பின்னால். மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 9 மணி 30 நிமிடம். நள்ளிரவுக்குப் பிறகு கிளம்பும் விமானத்தில் தேதிக் குழப்பமும் வரும். வெள்ளி 1.50 என்றால் வியாழக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம் ஆகாது என்பதும் தெரிந்துகொண்டேன். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று அடிக்கிறது. மேற்கே போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். தூரக் கணக்குச் சொல்லும் பக்கங்கள் இதைச் சேர்ப்பதில்லை. வான்வழி மூடினாலும் நேரம் கூடும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் டிக்கெட்டுகள் 1,15,900. கூடுதல் எடைக்கு 15,000. புது டிக்கெட் 86,500. அறை 2,800, டாக்ஸியும் சாப்பாடும் 1,200. திரும்பி வரப் புதிதாக 72,000. மொத்தம் 2,93,400. பறக்காமல் போன டிக்கெட்டுக்கும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திரும்பக் கேட்கலாம் என்று மருமகனின் நண்பர் சொன்னார். எழுதிக் கேட்டு, மூன்று மாதம் கழித்து 11,400 வந்தது. கேட்காவிட்டால் அதுவும் வந்திருக்காது. ஆக 2,82,000. ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் 1,31,000. நான் எடுத்திருந்த இன்ஷூரன்ஸ் மருத்துவச் செலவுக்கு மட்டும். இணைப்பு விமானம் தவறினால் தருகிற பாலிசிகளும் உண்டு, ஆனால் தனித்தனி டிக்கெட்டுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரலில் திரும்பும்போது துபாய் வழியாக ஒரே பி.என்.ஆர். அதிலும் ஒரு மாற்றம் வந்தது. நான் திருவனந்தபுரத்தில் இறங்கும் நாள் பத்மநாபசுவாமி கோவில் பங்குனி ஆறாட்டு, சாமியைக் கடலில் நீராட்டும் விழா. ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், அதற்காக வருடத்தில் இரண்டு நாள், பங்குனியிலும் ஐப்பசியிலும், சாயங்காலம் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடுவார்கள். எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு டிக்கெட் போடும்போது நினைவு வரவில்லை. இரண்டு வாரம் முன்பே நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது. மாலை 6.45-க்கு இறங்க வேண்டியது இரவு 9.30 ஆகியிருந்தது. துபாயில் கூடுதலாகக் காத்திருந்ததோடு சரி, ஒரு ரூபாய் கூடக் கேட்கவில்லை. பெட்டிகள் நேராகச் சாக்கைக்கே வந்து சேர்ந்தன.

தம்பி வண்டியோடு நின்றிருந்தான். பாலராமபுரம் அந்த நேரத்தில் வெறிச்சென்று கிடந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது மணி 11.45. மகள் வீட்டுப் படியிறங்கியதிலிருந்து 28 மணி 15 நிமிடம் என்று நோட்டில் எழுதிவிட்டு, வந்துவிட்டேன் என்று சொல்ல அவளைக் கூப்பிட்டேன். பின்னால் பேத்தி அழுகிற சத்தம் கேட்டது. அந்த நோட்டைத்தான் குழித்துறை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை அவர், திங்கட்கிழமை நானும் கூடப் போகிறேன்.